அம்புத் தூரமும் கால் தூரமும்

(கொல்லிமலையில் நடந்த ஆசிரியர் கூட்டமொன்றில் கணிதப் பட்டதாரி ஆசிரியர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



கீழிருந்து வந்திருக்கும் ஆசிரியர்களில் சிலர் இன்னும் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது இங்கிருந்தே தெரிகிறது. காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். பழகிய எங்களுக்கே முப்பதாவது வளைவு தாண்டினால் பேச்சு நின்றுவிடும். எலுமிச்சம்பழம் மேசைமேல் இருக்கிறது, கூச்சப்படாமல் எடுத்துக்கொள்ளுங்கள். நான் பேசப் போவதும் தூரத்தைப் பற்றித்தான்.

கணிதம் கற்பித்தலில் புதுமை என்ற தலைப்பில் பேசச் சொன்னார்கள். புதுமை என்று சொல்லிக்கொள்ள என்னிடம் ஒன்றும் இல்லை. ஒரு மாணவி என்னை மடக்கிய கதை ஒன்று இருக்கிறது. அதற்கு முந்தைய ஆண்டு நான் செய்த தவறு ஒன்றும் இருக்கிறது. இரண்டும் ஒரே கணக்குதான் என்று எனக்குப் பிறகுதான் புரிந்தது.

ஒன்பதாம் வகுப்பில் ஒருநாள் நேரமும் தூரமும் திருப்புதல் நடந்துகொண்டிருந்தது. ரயில் கணக்கு, படகுக் கணக்கு எல்லாம் பிள்ளைகளுக்குச் சலித்துப் போயிருந்தன. சரி, விமானம் வைப்போம் என்று கரும்பலகையில் எழுதினேன்: சேலம் விமான நிலையத்துக்கும் சென்னை விமான நிலையத்துக்கும் இடையே வான்வழித் தூரம் 266 கி.மீ. விமானத்தின் வேகம் மணிக்கு 500 கி.மீ. எனில் பயண நேரம் எவ்வளவு?

266-ஐ 500-ஆல் வகுத்து, 60-ஆல் பெருக்கினால் 32 நிமிடம். எல்லாரும் போட்டுவிட்டார்கள். மூன்றாவது வரிசையில் ஒரு பெண் மட்டும் எழுதாமல் உட்கார்ந்திருந்தாள். ஏம்மா என்று கேட்டேன்.

"சார், எங்க அண்ணன் போன மாசம் அந்த விமானத்துலதான் போச்சு. டிக்கெட்ல ஒரு மணி நேரத்துக்கு மேல போட்டிருந்துச்சு. முப்பத்திரண்டு நிமிஷம்னு எப்படி சார் எழுதறது?"

அவள் அண்ணன் சென்னையில் மின்கம்பி வேலை செய்பவர். ஊருக்கு வந்த இடத்தில் அவசரமாகத் திரும்ப வேண்டியிருந்தது, நிறுவனமே பயணச்சீட்டு எடுத்துக் கொடுத்திருக்கிறது. அந்தக் குக்கிராமத்தில் விமானம் ஏறிய முதல் ஆள் அவர். சீட்டைச் சட்டகம் போட்டு வைக்காத குறையாக வீட்டில் பத்திரப்படுத்தியிருக்கிறார்கள்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கணக்குல கேட்டதை மட்டும் போடும்மா" என்றேன். நம்மில் எத்தனை பேர் எத்தனை முறை இந்த வாக்கியத்தைச் சொல்லியிருப்போம்! அவள் 32 என்று எழுதிவிட்டாள். எழுதிய பிறகு என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. கணக்கு ஒரு பக்கம், உலகம் ஒரு பக்கம் என்று அந்த நிமிடத்தில் அவள் முடிவு கட்டியிருப்பாள். அப்படி முடிவு கட்டும் பிள்ளைகள்தான் பத்தாம் வகுப்புக்குப் பிறகு கணக்கு இருக்கும் பாடப்பிரிவின் பக்கமே போவதில்லை.

அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. மறுநாள் வகுப்பில், நேற்றுக் கேட்ட கேள்வி சரியானது, என் பதில்தான் தவறு, சேர்ந்து கண்டுபிடிப்போம் என்று சொன்னேன். அடுத்த நான்கு பாடவேளைகள் அதிலேயே போயின. பாடத்திட்டம் பின்தங்கியது, அதை மறைக்க விரும்பவில்லை.

முதல் கேள்வி அந்த 266-ஐப் பற்றியே வந்தது. ரயிலில் சேலத்திலிருந்து சென்னைக்கு 334 கி.மீ. சாலையில் போனாலும் ஏறக்குறைய அவ்வளவு வரும். 266 எங்கிருந்து வந்தது, யார் அளந்தார்கள் என்றார்கள். நான் கைப்பேசியில் பார்த்து எழுதியது அது. நாமே போட்டுப் பார்க்க முடியுமா என்று கேட்டான் ஒருவன். ஒன்பதாம் வகுப்பில் ஆயத்தொலை வடிவியல் இருக்கிறது. இரு புள்ளிகளுக்கு இடையே உள்ள தொலைவு காணும் சூத்திரம் இருக்கிறது. சமூக அறிவியலில் அட்சக்கோடு, தீர்க்கக்கோடு இருக்கின்றன. இரண்டையும் ஒரே மேசையில் வைக்க எனக்கு இத்தனை ஆண்டுகள் தோன்றவில்லை.

சேலம் விமான நிலையம் ஓமலூர் அருகே கமலாபுரத்தில் இருக்கிறது. வடக்கு 11.78 பாகை, கிழக்கு 78.06 பாகை. சென்னை விமான நிலையம் வடக்கு 12.99, கிழக்கு 80.17. வடக்குத் தெற்காக வித்தியாசம் 1.21 பாகை. கிழக்கு மேற்காக 2.11 பாகை. ஒரு பாகை எத்தனை கிலோமீட்டர்? வடக்குத் தெற்காக எங்கே அளந்தாலும் ஏறத்தாழ 111 கி.மீ. கிழக்கு மேற்காக அப்படி இல்லை. தீர்க்கக்கோடுகள் துருவத்தை நோக்கிப் போகப் போக நெருங்குகின்றன. நம் பக்கத்தில், அதாவது 12 பாகை வாக்கில், ஒரு பாகைக்கு 109 கி.மீ. வரும். பலாப்பழத்தின் நடுவில் இரண்டு விரல் அகலம் இருக்கும் இடைவெளி, காம்புக்கு அருகே ஒன்றுமில்லாமல் போகிறது அல்லவா, அதுபோல என்று சொன்னேன். பலாப்பழம் என்றதும் எங்கள் பிள்ளைகளுக்கு உடனே விளங்கிவிட்டது.

இனி கணக்கு. 1.21 பெருக்கல் 111 என்றால் 134. 2.11 பெருக்கல் 109 என்றால் 230. இரண்டின் வர்க்கங்களையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 266. கைப்பேசியில் வந்த அதே எண்! வகுப்பில் எழுந்த சத்தத்தில் பக்கத்து அறை ஆசிரியர் எட்டிப் பார்த்தார். பிதாகரஸ் தேற்றம் தேர்வுக்கு வெளியே எதற்காவது உதவும் என்பதை அவர்கள் அன்றுதான் நம்பினார்கள் என்று நினைக்கிறேன்.

இங்கே ஒரு சின்னச் செய்தி, உங்கள் வகுப்புக்கும் பயன்படும். விமானிகள் கிலோமீட்டரில் பேசுவதில்லை, கடல் மைலில் பேசுகிறார்கள். ஒரு கடல் மைல் 1.852 கி.மீ. இந்த விநோதமான எண் ஏன் என்று பிள்ளைகள் கேட்பார்கள். 60-ஆல் பெருக்கச் சொல்லுங்கள், 111.12 வரும். ஒரு பாகையில் 60 கலை. அட்சக்கோட்டில் ஒரு கலை அளவே ஒரு கடல் மைல். பூமியையே அளவுகோலாக வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அடுத்தது நேரம். தூரம் சரியென்றால் 32 நிமிடம் எப்படி ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது? இதற்கு நான் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. சேலத்துக்கு வருவது ஏடிஆர் வகை விமானம். இரண்டு விசிறி, எழுபதுக்கும் சற்று மேற்பட்ட இருக்கைகள். 2018-இல் உடான் திட்டத்தின்கீழ் சேலத்துக்கு விமானம் மறுபடி வந்தது, இடையில் நின்றது, 2023 அக்டோபரில் மீண்டும் தொடங்கியது. அதன் வேகம் மணிக்கு 500 கி.மீ. என்பது மேலே ஏறி நிதானமாகப் பறக்கும்போது உள்ள வேகம். ஏறும்போதும் இறங்கும்போதும் அந்த வேகம் கிடையாது. 266 கி.மீ. பயணத்தில் ஏறுவதற்கும் இறங்குவதற்கும் போக, மீதி நடுவில் சமமாகப் பறக்கும் பகுதி கொஞ்சம்தான். நம் பேருந்து நாமக்கல் சாலையில் 60-இல் ஓடுகிறது, அதற்காகக் கொல்லிமலை வரைக்கும் 60 என்று கணக்குப் போடுவோமா?

அதோடு, சீட்டில் அச்சாகும் நேரம் வானத்தில் இருக்கும் நேரம் மட்டும் அல்ல. நிறுத்துமிடத்திலிருந்து விமானம் நகரத் தொடங்கும் கணத்திலிருந்து, அங்கே போய் நிறுத்துமிடத்தில் நிற்கும் கணம் வரை உள்ள நேரம் அது. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, முறைக்காகக் காத்திருப்பது, சென்னை போன்ற நெரிசலான இடத்தில் வானிலேயே வரிசையில் நிற்பது எல்லாம் அதில் அடக்கம்.

காற்றும் உண்டு. விமானம் எப்போதும் எதிர்க்காற்றில்தான் இறங்கப் பார்க்கும். சென்னையின் முக்கிய ஓடுபாதைக்கு ஒரு முனையில் 07 என்றும் மறுமுனையில் 25 என்றும் எழுதியிருக்கும். 07 என்றால் வடக்கிலிருந்து வலமாக 70 பாகை, 25 என்றால் 250 பாகை. இரண்டுக்கும் வித்தியாசம் 180. கோணம் நடத்தும் ஆறாம் வகுப்பு ஆசிரியர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள், இதைவிட நல்ல நேர்க்கோணம் கிடைக்காது. கடற்காற்று கிழக்கிலிருந்து வீசினால், மேற்கிலிருந்து வரும் சேலம் விமானம் நேராக வந்து இறங்கிவிடலாம். மேல்காற்று வீசினால் ஊரைத் தாண்டி, கடல் பக்கம் போய், திரும்பி வந்து இறங்க வேண்டும். அன்றைக்கு 266 என்பது 266 இல்லை.

அந்த மாணவியே ஒரு கூட்டல் போட்டாள். அண்ணன் காலையில் முதல் பேருந்தைப் பிடித்து, மலையிறங்கி, நாமக்கல் போய், சேலம் போய், அங்கிருந்து கமலாபுரம் போய்ச் சேர்ந்தது எத்தனை மணி நேரம்? முன்கூட்டியே போய் உட்கார்ந்திருந்தது எவ்வளவு? விமானத்தில் இருந்த நேரத்தைப் போல நான்கு மடங்குக்கு மேல் விமானத்தை அடைவதற்கே ஆகியிருந்தது. "சார், அண்ணன் விமானத்துல போகல. பஸ்லதான் போச்சு, நடுவுல கொஞ்ச நேரம் விமானம்" என்றாள்.

இதற்குள் வகுப்புக்குச் சூடு பிடித்துவிட்டது. உலகத்திலேயே தூரமான இடத்துக்குப் போடுவோம் என்று கிளம்பினார்கள். பெங்களூரு முதல் சான் பிரான்சிஸ்கோ வரை எங்கள் சூத்திரத்தை வைத்துப் போட்டால் 16,000 கி.மீ.க்கு மேல் வந்தது. உண்மையில் சுமார் 14,000-தான். எங்கே போயிற்று 2,000 கிலோமீட்டர்? சூத்திரம் தட்டையான தாளுக்கு உரியது, பூமி தட்டை இல்லை. சேலம், சென்னை அளவுக்கு அது பொருட்டில்லை, இவ்வளவு தூரத்துக்குப் பொருட்டு. உலக உருண்டையை எடுத்து ஒரு நூலை இழுத்துப் பிடிக்கச் சொன்னேன். நூல் கிழக்கேயும் போகவில்லை, மேற்கேயும் போகவில்லை. நேரே வடக்கே ஏறி, துருவத்தின் அருகே போய், அந்தப் பக்கம் இறங்கியது. 2021 ஜனவரியில் கேப்டன் ஜோயா அகர்வால் தலைமையில் பெண் விமானிகள் மட்டுமே கொண்ட ஏர் இந்தியா குழு சான் பிரான்சிஸ்கோவிலிருந்து பெங்களூருக்கு அந்தத் துருவ வழியாகத்தான் ஓட்டி வந்தது. ஏறத்தாழ 17 மணி நேரம். இதைச் சொன்னபோது பின்வரிசைப் பெண்கள்கூட நூலைப் பிடிக்க முன்னே வந்தார்கள்.

தூரம் கூடினால் நேரம் கூட வேண்டும் என்பதும் கட்டாயமில்லை. டெல்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு முன்பு அட்லாண்டிக் வழியாகப் பறந்தார்கள். 2016 அக்டோபரில் பசிபிக் வழியாக மாற்றினார்கள். அது சுமார் 1,400 கி.மீ. அதிகம், ஆனால் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் மிச்சம். காரணம், மேலே மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் வேகக்காற்று பின்னாலிருந்து தள்ளியது. பூமி சுற்றுவதால்தான் என்று நம்மில் சிலரே வகுப்பில் சொல்லிவிடுகிறோம், நானும் சொல்லியிருக்கிறேன். அது தவறு. பூமியோடு சேர்ந்து காற்றும் விமானமும் சுற்றிக்கொண்டுதான் இருக்கின்றன.

இன்னொன்றையும் சொல்லாமல் விட மனமில்லை. சென்னை விமான நிலையத்தின் அருகே பரங்கிமலை இருக்கிறதே, அங்கேதான் 1802-இல் வில்லியம் லாம்டன் இந்தியாவை அளக்கும் வேலையைத் தொடங்கினார். நூறு அடி எஃகுச் சங்கிலியை வைத்து வைத்து ஏழரை மைல் நீளக் கோடு ஒன்றை அளந்தார். அதற்கு 57 நாள் ஆயிற்று. அந்தக் கோட்டைப் பக்கமாக வைத்து, இருபுறமும் கோணம் பார்த்து, முக்கோணம் மேல் முக்கோணமாக நாடு முழுவதும் அளந்து போனார்கள். அண்ணன் போன விமானம் அந்த ஏழரை மைலைப் பறக்கும் வேகத்தில் ஒன்றரை நிமிடத்தில் கடந்துவிடும்.

நான்காவது நாள் எங்கள் மலைக்குத் திரும்பினோம். நாமக்கல்லிலிருந்து செம்மேட்டுக்குப் பேருந்தில் சுமார் 55 கி.மீ., இரண்டு மணி நேரத்துக்கு மேல். அதே சூத்திரத்தில் நேர்க்கோட்டுத் தூரம் போட்டுப் பார்த்தார்கள். 20 கி.மீ.ஐச் சுற்றித்தான் வருகிறது! மணிக்குப் பத்துக் கிலோமீட்டர்கூட இல்லை, சைக்கிளைவிட மெதுவாக நாம் ஊருக்கு வருகிறோம் என்று ஒருவன் சிரித்தான். செம்மேட்டில் இருக்கும் வல்வில் ஓரியின் சிலையை நீங்கள் வரும்போது பார்த்திருப்பீர்கள். ஓரி இங்கிருந்து அம்பு விட்டால் 20, நாம் போனால் 55 என்றாள் ஒருத்தி. அன்றிலிருந்து எங்கள் வகுப்பில் நேர்க்கோட்டுத் தூரத்துக்கு அம்புத் தூரம் என்று பெயர். நடந்தோ வண்டியிலோ போகும் தூரம் கால் தூரம்.

அந்தப் பெயரைக் கேட்டு எல்லாரும் கைதட்டியபோது எனக்குக் கை எழவில்லை. முந்தைய ஆண்டு நான் நிரப்பிய ஒரு படிவம் நினைவுக்கு வந்துவிட்டது.

தொலைவிலுள்ள குடியிருப்புகளிலிருந்து வரும் பிள்ளைகளுக்குப் போக்குவரத்து, வழித்துணை வசதி தருவதற்கான படிவம் அது. உங்கள் எல்லாருக்கும் தெரிந்ததுதான். பெயர், வகுப்பு, குடியிருப்பு, பள்ளிக்கும் குடியிருப்புக்கும் உள்ள தூரம். அன்று மாலைக்குள் அனுப்ப வேண்டும். கைப்பேசி வரைபடத்தில் விரலை வைத்து அளந்தேன். ஆறாம் வகுப்புப் பையன் ஒருவனின் குடியிருப்புக்கு 2.6 என்று வந்தது. 2.6 என்றே எழுதினேன். ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு எல்லை 3 கி.மீ. அவன் பெயர் பட்டியலில் வரவில்லை. யாரையும் குறை சொல்ல முடியாது. எழுதிக் கொடுத்தது நான்.

ஐப்பசி மழையில் அவன் வரவு குறைந்தது. பிறகு நின்றுவிட்டது. சோம்பேறி என்று வகுப்பாசிரியர் சொன்னார், நானும் ஆமாம் என்று தலையாட்டினேன். தை பிறந்த பிறகு ஒரு சனிக்கிழமை அவனைத் தேடிப் போனேன். பாதி வழியிலேயே எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. வரைபடத்தில் பள்ளிக்கும் அந்தக் குடியிருப்புக்கும் நடுவே பச்சையாக ஒரு பட்டை தெரியும், அவ்வளவுதான். தரையில் அது ஒரு பள்ளத்தாக்கு. பாதை சுற்றி இறங்கி, ஓடையைத் தாண்டி, மறுபடி ஏறுகிறது. மழைக்காலத்தில் ஓடையில் இறங்க முடியாமல் இன்னும் மேலே சுற்றிப் போக வேண்டும். காய்ந்த பாதையில், வளர்ந்த ஆள் நான், ஒரு மணி நாற்பது நிமிடம் நடந்தேன். ஐந்து கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். பையன் மிளகுக்கொடிக்கு அடியில் உதிர்ந்ததைப் பொறுக்கிக்கொண்டிருந்தான். அவன் பாட்டி எனக்குச் சாமைச் சோறு போட்டார். ஏன் அனுப்பவில்லை என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

கல்வி உரிமைச் சட்டத்தின் விதிகளை அதன் பிறகுதான் எடுத்து நிதானமாகப் படித்தேன். ஒன்று முதல் ஐந்து வரை 1 கி.மீ., ஆறு முதல் எட்டு வரை 3 கி.மீ. என்று நமக்கெல்லாம் மனப்பாடம். ஆனால் விதியில் இருக்கும் சொல் வெறும் தூரம் அல்ல, நடக்கும் தூரம். மத்திய அரசின் மாதிரி விதிகளில், நிலச்சரிவு, வெள்ளம், சாலையின்மை, குழந்தைகளுக்கு வழியில் ஆபத்து இருக்கும் இடங்களில் அந்த எல்லையையும் குறைக்க வேண்டும் என்றே இருக்கிறது. நான் வாசிக்காமல் விட்டது அதைத்தான்.

அடுத்த ஆண்டுப் படிவத்தில் திருத்தி எழுதினேன். நடந்த நாள், புறப்பட்ட நேரம், சேர்ந்த நேரம், ஓடையின் படம் எல்லாம் இணைத்தேன். வசதி கிடைத்தது. இப்போது ஜீப்பில் வருகிறான். வந்துவிட்டான் என்று மகிழலாம்தான். ஆனால் ஆறாம் வகுப்பில் போன அரையாண்டு இன்னும் அவன் பின்னக் கணக்கில் தெரிகிறது. பகுதி வேறுபட்ட பின்னங்களைக் கூட்டச் சொன்னால் திணறுகிறான். சனிக்கிழமைகளில் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுக்கிறேன்.

விமானக் கணக்கு கேட்ட பெண், பள்ளிக்கு வரும் எல்லாக் குடியிருப்புகளுக்கும் இரண்டு தூரமும் போட்டு ஓர் அட்டவணை தயாரிக்கலாம் என்றாள். ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டிலிருந்து கிளம்பும் நேரத்தையும் பள்ளி வாசலில் காலெடுத்து வைக்கும் நேரத்தையும் ஒரு வாரம் குறித்து வந்தார்கள். கடிகாரம் இல்லாத வீடுகளில் முதல் பேருந்தின் ஒலிப்பானை வைத்துக் குறித்தார்கள். அம்புத் தூரத்துக்கும் கால் தூரத்துக்கும் உள்ள விகிதம் சில குடியிருப்புகளுக்கு ஒன்றரைக்குள் நின்றது, சிலவற்றுக்கு மூன்றைத் தாண்டியது. அந்த அட்டவணை இப்போது தலைமையாசிரியர் அறையில் தொங்குகிறது. படிவம் வந்தால் கைப்பேசியைத் தொடுவதில்லை, அதைப் பார்த்துத்தான் எழுதுகிறோம்.

உங்கள் இருக்கையில் ஆளுக்கொரு தாள் வைத்திருக்கிறேன். மூன்று கட்டம்: அம்புத் தூரம், கால் தூரம், நேரம். தேநீர் வருவதற்குள், உங்கள் பள்ளிக்கு மிகத் தொலைவிலிருந்து வரும் ஒரு பிள்ளையை நினைத்துக்கொண்டு நிரப்பிப் பாருங்கள். இரண்டாவது, மூன்றாவது கட்டம் தெரியவில்லை என்றால் காலியாக விட்டுவிடுங்கள், திங்கட்கிழமை அந்தப் பிள்ளையிடமே கேட்டுக்கொள்ளலாம்.